புன்னைமுனைக்கு வாசிக்காத எச்சரிக்கை

"இங்க பொய் பேசுத மெஷினு எது?"

காப்பகத்தைத் திறந்து நான் முதல் டீயைக்கூடக் குடித்து முடிக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாள், வணக்கம் என்று ஒரு வார்த்தை இல்லாமல் கேட்ட முதல் கேள்வி இது. எழுபதைத் தாண்டிய வயது. கையில் குடை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. வெயிலில் நடந்து வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் பேர் இசக்கியம்மாள், எங்கள் பக்கத்து உக்கிரமான அம்மனின் பேர். நான் குரலை உயர்த்தினால், "மேடத்துக்கு இசக்கி வந்துட்டு, ஓடுங்கலே" என்று ஆபீஸில் கிண்டல் செய்வார்கள். தென்கடல் வானொலி என்று ஒரு நிலையம் இருந்ததே, அதன் ஒலிக் காப்பகத்தில்தான் எனக்கு வேலை. நிலையத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. மிச்சம் இருப்பது அலமாரி அலமாரியாக நாடாக்களும் கேசட்டுகளும், அவற்றைத் துடைத்து உயிர் கொடுக்கிற நாங்களும்தான். 'நூறாண்டு கழித்துக் கேட்கப் போகிறவர்களுக்காக' என்று எங்கள் வாசல் பலகையில் எழுதியிருக்கும். அதைத் தினமும் படித்துவிட்டு உள்ளே வருகிறவளைப் பார்த்து ஒருத்தி பொய் என்றால் பொறுக்குமா?

"எம்மா, வந்ததும் வராததுமா என்ன பேச்சு இது? உக்காருங்க. தண்ணி குடிங்க. பொறவு யாரு பொய் சொன்னான்னு பாப்போம்."

உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"எம்பேரு பிலோமினா. ஊரு புன்னைமுனை. சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. எங்க அப்பா பேரு பங்கிராஸ். ஐப்பசிப் புயல்ல போனாவல்லா, அதுல மொதப் பேரு அவருதான். கடக்கரையில பேரு வெட்டின கல்லு வச்சிருக்கு."

ஐப்பசிப் புயலைப் பற்றி இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஒரே ராத்திரியில் புன்னைமுனையின் வள்ளங்கள் மொத்தமும் போய்விட்டன. அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த ஊரில் நடுவயசு ஆண்களே குறைவு என்பார்கள்.

"நேத்து எங்க ஊரு பள்ளிக்கூடத்துல உங்க பழைய ரேடியோவப் பிள்ளையளுக்குப் போட்டுக் காட்டிருக்காவ" என்றார் பிலோமினா. "எதிர்வீட்டுப் பய சாயங்காலம் வந்து கேக்கான், 'ஆச்சி, கடலுக்குப் போவாதீங்கன்னு அன்னைக்கே ரேடியோவுல சொல்லிருக்காவளே, உங்க அப்பா ஏன் அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டுப் போனாரு'ன்னு. நான் என்னத்தச் சொல்ல? எங்க கரையில, போலாமா வேண்டாமான்னு சொல்லுத தண்டல் எங்க அப்பாதான். அவரு சொல்லுக்குத்தான் வள்ளம் எறங்கும். ரேடியோ சொல்லியும் அவரு கேக்கலன்னா, அத்தன பேரையும் கொன்னது அவருன்னுல்லா ஆவுது?"

"ரேடியோ சொல்லலையா?"

"சொல்லல. பஞ்சாயத்து ரேடியோ கடக்கரையிலதான் இருந்துச்சு. கம்பத்துல குழாய் ஸ்பீக்கரக் கட்டியிருப்பாவ. சாயங்காலம் மீனவர் அறிவிப்புன்னு ஒரு நேரம் உண்டு. கடலு மோசம்னா ஆளு குரல் வரும். ஒண்ணுமில்லன்னா மியூசிக்கு வரும். மியூசிக்கு வந்துட்டுன்னா போலாம், அதான் எங்க கரைக் கணக்கு. அன்னைக்குப் புல்லாங்குழல் வந்துச்சு. நான் எங்க அப்பா மடியில உக்காந்து கேட்டேன். முழுசா கேட்டுட்டுத்தான் எழுந்திரிச்சாரு."

கம்ப்யூட்டரில் அந்த நாளைத் தேடி எடுத்தேன். நாளுக்கு நூறு பதிவுகள் எங்கள் கையைத் தாண்டிப் போகும், ஒவ்வொன்றையும் காதால் கேட்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் இதை நானும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு சினிமாப் பாட்டு முடிந்தது. பிறகு அறிவிப்பாளர் தேவசகாயத்தின் குரல். அந்தக் காலத்தில் அந்தக் குரலுக்காகவே ரேடியோ வாங்கியவர்கள் உண்டாம்.

"மீனவர்களுக்கு ஓர் அறிவிப்பு. வங்கக் கடலின் தென்பகுதியில் இன்றிரவு பலத்த சூறைக்காற்று வீசக்கூடும். புன்னைமுனை, அதனைச் சுற்றியுள்ள கரையோர மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

அருமையான குரல். ஆனால் திரையில் அந்த இடம் முழுவதும் நீலமாக இருந்தது.

"அது என்ன நீலமா இருக்கு?" என்றார் பிலோமினா. கூர்மையான கண்.

மறைக்கத் தோன்றவில்லை. "நிறைவி நிரப்புன இடம்க்கா. இது ஒரு நேயர் வீட்டுல பதிவு பண்ணின கேசட்டு. இந்த இடத்தப் பூஞ்சை தின்னுட்டு. வெறும் இரைச்சல்தான் மிச்சம். அந்த மாதிரி இடத்துக்கு நிறைவின்னு ஒரு மெஷின் வச்சிருக்கோம். அது மத்த நாடா அத்தனையும் கேட்டுப் படிச்சிருக்கு. இந்த நேரத்துல, இந்த மாதிரி நாள்ல, இந்த மனுஷன் என்ன பேசியிருப்பாருன்னு கணிச்சு, அவரு குரல்லயே போட்டு அடைச்சிரும்."

"அப்போ அவரு பேசல."

"பேசியிருக்கலாம்னு மெஷின் நெனைக்கி."

"நெனைக்கா!" குடையைத் தரையில் ஓங்கிக் குத்தினார். "எங்க அப்பன் பேருல மண்ணள்ளிப் போட அதுக்கு என்ன நெனப்பு? எடுத்துப்போடும்மா அத!"

அவரை உட்கார வைத்துவிட்டு நேராக டைரக்டர் அருணகிரியின் அறைக்குப் போனேன். அருணகிரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"மேடம், நிறைவி சும்மா அடிச்சு விடாது. ரெண்டு நாளா செய்தியில காற்றழுத்தம்னு வந்திருக்கு. அந்த மாதிரி நாள்ல எல்லாம் அந்த நேரத்துல எச்சரிக்கை வந்திருக்கு. வேற நாடாக்கள்லயே இருக்கு. நேயர் சாட்சியும் முடிஞ்சது. இனிமே ஒருத்தங்க வந்து சொன்னாங்கன்னு எடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு வருவாங்க."

நேயர் சாட்சி என்பது எங்கள் ஊர் ஏற்பாடு. நிறைவி நிரப்பியதை அந்தக் காலத்து நேயர்களுக்குப் போட்டுக் காட்டுவோம். தென்கடல் நேயர் மன்றம் இன்னும் இருக்கிறது. தலைவர் சிவந்திப்பெருமாள், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், இந்தக் கேசட்டே அவருடையதுதான். எந்தப் பாட்டு எந்தக் கிழமை வந்தது, அன்றைக்கு அறிவிப்பாளருக்கு ஜலதோஷமா இல்லையா என்பது வரை சொல்வார்கள். அதுதான் அவர்களுடைய சொத்து, பெருமை எல்லாம். ஆயுசில் ஒருதடவைகூட அந்த மன்றத்தில் ஒருவர் "ஞாபகம் இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அவர் என்ன நேயர்? ஆக, நிரப்பிய இடத்தைப் போட்டுக் காட்டினால் உடனே தலையாட்டுவார்கள். "ஆமா, அப்படியேதான். அந்த 'சூறைக்காற்று'ல ஒரு அழுத்தம் குடுப்பாரு பாருங்க!"

முன்பெல்லாம் நிரப்பிய இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன மணி அடிக்கும். கேட்கிற சுகமே போச்சு என்று நேயர்கள் மனு மேல் மனு போட்டு அதையும் எடுக்க வைத்துவிட்டார்கள். இப்போது எது பழையது, எது புதியது என்று காதால் பிரிக்க முடியாது.

"அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரு உயிரோடதானே இருக்காரு?" என்றேன். "தேவசகாயம் சார் இங்கதான், பாளையங்கோட்டையில. அவரே வந்து 'வாசிக்கல'ன்னு சொன்னா எடுப்பியளா?"

அருணகிரி யோசித்தார். "அவரே சொன்னா, எடுத்துத்தான் ஆகணும்" என்றார்.

அன்று சாயங்காலமே போனேன். தேவசகாயம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூறை நெருங்கிய உடம்பு, அந்தக் குரலில் பாதிதான் மிச்சம். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். புன்னைமுனை என்றதுமே டம்ளரை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வாசிக்கலம்மா" என்றார். கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "வானிலைச் செய்தி டெலிபோன்லதான் வரும். நாங்க எழுதி எடுத்து வாசிக்கணும். அன்னைக்கு மழையில லைன் செத்துப் போச்சு. செய்தி வரலன்னா நேரத்த வெறுமன விடக்கூடாது, ஒரு இசைத்தட்டப் போட்டு ரொப்பணும். அதான் வழக்கம். கைக்கு அகப்பட்டது புல்லாங்குழல். போட்டேன்."

"கரையில அது வந்தா..."

"எனக்குத் தெரியாதும்மா!" குரல் உடைந்தது. "இசை வந்தா கடலுக்குப் போலாம்னு அவுக ஒரு கணக்கு வச்சிருந்தாவன்னு எனக்கு எப்படித் தெரியும்? பொணமெல்லாம் ஒதுங்கினப் பொறவு ஒரு ஃபாதர் வந்து சொன்னாரு. அன்னையிலருந்து ராத்திரி ராத்திரி அந்தப் புல்லாங்குழல்தான். பேத்தி ஸ்கூல்ல புல்லாங்குழல் கத்துக்கிடணும்னு அழுதா. காரணம் சொல்லாமலே வேண்டாம்னுட்டேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது."

காப்பி கொண்டுவந்த மருமகள் வாசல்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு கூட்டத்துல வந்து இதச் சொல்லணும் சார். பங்கிராஸ் மக உயிரோட இருக்காவ. அவுக அப்பா பேரு உங்க கையிலதான் இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். "வாரேன். சாகதுக்கு முன்னாடி அந்தப் பிள்ள கால்ல விழணும்னு நெனச்சிருக்கேன். வாரேன்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிலோமினாவுக்குப் போன் போட்டு, "எக்கா, கவலைய விடுங்க, கத முடிஞ்சுது" என்று கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் போன் செய்ததில்லை.

கூட்டம் காப்பகத்தின் பெரிய அறையில். நேயர் மன்றத்துக்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள், தங்கள் தேவசகாயத்தைப் பார்க்கத்தான். பொன்னாடை போர்த்தினார்கள். சிவந்திப்பெருமாள் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "சார், ஒரே ஒருக்க அந்த 'நேயர்களே, வணக்கம்' சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார்கள். அவர் சொன்னார். கரகரத்த குரல்தான், ஆனாலும் இரண்டு மூன்று பேருக்குக் கண் கலங்கியது. முன்வரிசையில் பிலோமினா குடையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

தேவசகாயம் மைக்கைப் பிடித்தார். "அன்னைக்குச் சாயங்காலம் நான்..."

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அருணகிரி. "சாட்சின்னா முதல்ல ஒலியக் கேக்கணும், பிறகுதான் சொல்லணும். எல்லாருக்கும் அதுதான் முறை."

தடுத்திருக்க வேண்டும். முறை என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

அறை முழுவதும் அந்த இளம் குரல் பரவியது. மீனவர்களுக்கு ஓர் அறிவிப்பு. தேவசகாயம் முதலில் புருவத்தை நெரித்தார். சூறைக்காற்று என்ற சொல் வந்தபோது அவர் உதடு கூடவே அசைந்தது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று முடிந்தபோது, மைக்கை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"இது எங்குரல்தான்" என்றார். "கடலுக்குங்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு விட்டேன், கேட்டியளா? அது எம்மூச்சு."

"சார்!" என்று எழுந்துவிட்டேன். "அது நீங்க இல்ல, மெஷினு! எங்கிட்ட என்ன சொன்னிய? லைன் செத்துப் போச்சுன்னு சொன்னியள்லா?"

"எம்மா, எம்மூச்சு எனக்குத் தெரியாதா? ஒம்மெஷினுக்கு எப்படித் தெரியும் நான் அந்த எடத்துல மூச்சு விடுவேன்னு?"

"அதத் தெரிஞ்சுக்கிடுததுதான் சார் அதோட வேலையே!"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த முகத்தை எப்படிச் சொல்வது? தலைச்சுமையை இறக்கி வைத்தவன் முகம். "வாசிச்சிருக்கேன்" என்றார். "வாசிச்சிருக்கேன்! வேற ஏதோ ஒரு நாள் லைன் செத்தது. அதப் போட்டுக் கொழப்பிக்கிட்டு இத்தன வருஷமா... ஆண்டவரே, நான் வாசிச்சிருக்கேன்!"

தட்டுத் தடுமாறி நடந்து பிலோமினாவிடம் போனார். காலில் விழப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் அந்த அம்மாளின் தலையில் கை வைத்தார்.

"எம்மா, ஒங்க அப்பாட்ட நான் சொல்லிட்டேன்மா" என்றார்.

மன்றத்துக்காரர்கள் கைதட்டினார்கள். பிலோமினா அவர் கையைத் தட்டிவிட்டார்.

"நீங்க சொல்லல. நான் மடியில இருந்தேன். புல்லாங்குழல் வந்துச்சு."

"நீ அப்போ சின்னப் பிள்ளம்மா" என்றார் தேவசகாயம், அவ்வளவு கனிவாக.

அந்தக் கனிவைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிறகு அவர் மருமகளைக் கடைத்தெருவில் பார்த்தேன். மாமா இப்போது நன்றாகத் தூங்குகிறாராம். பேத்திக்குப் புல்லாங்குழல் வாங்கிக் கொடுத்து, அவள் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாராம். "நீங்க செஞ்ச புண்ணியம் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வராந்தாவில் அவர் சொன்னதை அவளும்தானே கேட்டாள் என்று நினைவுபடுத்தினேன். "அப்படியா சொன்னாரு? சரியா காதுல விழல மேடம்" என்றாள். பொய் சொல்கிற முகமாகவும் இல்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்த பிறகு பிலோமினா என் மேஜைக்கு வந்தார். "அந்த ஒலிய எனக்கு ஒரு காப்பி குடு."

"எதுக்குக்கா? வேண்டாம். வயித்தெரிச்சல்."

"பொய்யில எங்கயாவது ஒரு ஓட்ட இருக்கும். கேட்டுக் கேட்டுப் புடிக்கேன். கல்லுலருந்து அப்பா பேர எடுக்கணும்னு ஊருல பேச்சு ஆரம்பிச்சாச்சு. மத்தவுக வீட்டுப் பேரன்மாரு கொதிக்கானுவ. குடும்பத்துல ஒருத்தராவது சரின்னு சொல்லாம கல்லுல கை வைக்கப்படாதுன்னு ஃபாதர் சொல்லிட்டாரு. குடும்பம்னா இப்ப நான் ஒருத்திதான். எங்கழுத்த அறுத்தாலும் சரின்னு சொல்ல மாட்டேன்."

அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். எடுத்துக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம்.

தினமும் காலையும் மாலையும் கேட்டாராம். முதலில் வாரம் ஒருமுறை போன் வரும். "எம்மா, 'சுற்றியுள்ள'ன்னு அவரு சொல்லமாட்டாரு, 'சுத்துவட்டார'ன்னுதான் சொல்லுவாரு" என்பார். தேடிப் பார்ப்பேன். வேறு நாடாவில் தேவசகாயம் 'சுற்றியுள்ள' என்று சொல்லியிருப்பார். இன்னொரு நாள், அந்தச் சினிமாப் பாட்டுக்கும் அறிவிப்புக்கும் நடுவில் இடைவெளி போதாது என்பார். அளந்தால் சரியாக இருக்கும். நிறைவி ஓட்டை விடுகிற ஜாதி இல்லை. போகப் போகப் போன் குறைந்தது, பிறகு நின்றே போனது. வேலை மும்முரத்தில் நானும் விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் நேரில் வந்தார். குடை இல்லை. உடம்பு வற்றிப் போயிருந்தது. இந்த முறை கேட்காமலே தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவப்படப்படாது."

"சொல்லுங்கக்கா."

"எங்க அப்பா கைய அசச்சது ஞாபகம் வருது."

"எப்போ?"

"ரேடியோவுல போவாதன்னு சொல்லுதப்போ. மடியில நான் இருக்கேன். அந்தக் குரல் வருது. பக்கத்துல யாரோ, 'என்ன அண்ணாச்சி, வேண்டாங்கானே'ன்னு கேக்காவ. அப்பா இப்பிடிக் கைய அசச்சு, 'அவனுக்கு என்னலே தெரியும் கடலப் பத்தி'ன்னு சிரிக்காரு. சிரிச்சதுல மடி குலுங்குச்சு பாரு, அது கூட ஞாபகம் இருக்கு."

"எக்கா, புல்லாங்குழல்னு சொன்னியளே! இங்கன, இதே நாற்காலியில உக்காந்து சொன்னிய!"

"சொன்னேன். நான் சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா புல்லாங்குழல் வரமாட்டேங்கு. கண்ண மூடி முக்கி முக்கிப் பாக்கேன், அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னே தெரியல. அந்த மனுஷன் குரல்தான் வருது. எங்க அப்பாவுக்காவச் சின்னப் புத்தியில நானா ஒரு கதய உண்டாக்கிக்கிட்டேன் போல இருக்கு."

"இல்ல! நீங்க உண்டாக்கல, மெஷின் உண்டாக்குச்சு! நாந்தானே உங்ககிட்ட நீலத்தக் காட்டினேன்?"

"காட்டின. அதுவும் ஞாபகம் இருக்கு." அழுதார். சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் வழிந்தது. "அது மெஷின்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சு என்ன செய்ய? எனக்கு ஞாபகம் இருக்கே. எங்க அப்பா கேட்டுட்டுத்தான் போனாரு. அத்தன பேரையும் கூட்டிட்டுப் போனாரு."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். சிவந்திப்பெருமாளின் கேசட் தனி டப்பாவில் பத்திரமாக இருந்தது. நிரப்பாத அசல். அதையே நேராக ஓட்டினேன். சினிமாப் பாட்டு முடிந்தது. பிறகு பூஞ்சை தின்ற இடம் வந்தது. வெறும் இரைச்சல், அடைமழை கூரையில் கொட்டுகிற மாதிரி.

"கேளுங்க. இதான் அந்தக் கேசட்டுல இருக்கு. ஒரு சொல்லு இருக்கா இதுல? குரல் இருக்கா? ஒண்ணும் கெடையாது."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"கேக்குதே" என்றார். "அடியில, லேசா. கேக்குதும்மா."

"இல்லக்கா!"

"நல்லா காது குடுத்துக் கேளு."

இல்லை என்று நிரூபிக்கத்தான் மறுபடியும் ஓட்டினேன். ஒலியைக் கூட்டி, ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வைத்தேன். இரைச்சல். இரைச்சல்தான். அப்புறம் அதற்குள்ளிருந்து, தூரத்தில், 'மீனவர்களுக்கு' என்று வந்தது.

நிறுத்தினேன். நாடாவைத் திருப்பினேன். ஓட்டினேன். மீனவர்களுக்கு ஓர் அறிவிப்பு. கடலுக்கு என்பதற்கு முன்னால் அந்தச் சின்ன மூச்சு. நானே நிரப்ப அனுப்பிய இடம் இது, என் கண்ணால் பார்த்த நீலம். எத்தனை முறை கேட்டேன் அந்தப் பாழாய்ப்போன ஒலியை? கூட்டத்தில், மேஜையில், அவர் போனில் சொன்ன ஒவ்வொரு ஓட்டைக்காகவும் திரும்பத் திரும்ப.

"ஒனக்கும் கேக்குல்லா?" என்றார் பிலோமினா.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் என்னை நம்பியிருப்பார். அதற்காகத்தான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. நான் மறுபடியும் நாடாவைத் திருப்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. நான் ஃபாதர்கிட்ட சொல்லிருதேன்" என்றார்.

அடுத்த ஐப்பசியில் புன்னைமுனைக்காரர்கள் எங்களையும் அழைத்திருந்தார்கள். கடற்கரையில் பந்தல். கல்லைப் புதிதாக இழைத்து வைத்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது. முதலில் எங்கள் பதிவைக் குழாயில் போட்டார்கள். கரை முழுக்கத் தேவசகாயத்தின் குரல் எதிரொலித்தது. பிள்ளைகள் மனப்பாடமாகக் கூடவே சொன்னார்கள். பிறகு ஃபாதர் புயலில் போனவர்களின் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பேருக்கும் கூட்டம் 'ஆமென்' சொன்னது. பிலோமினா முன்வரிசையில் இருந்தார். எல்லாப் பேருக்கும் தவறாமல் ஆமென் சொன்னார். நானும் சொன்னேன். அருணகிரி மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார். சர்பத் கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டிய பிறகுதான், ஒரு பேர் விட்டுப்போயிற்றே என்று மனசில் ஏதோ நெருடியது. யாருடைய பேர் என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.